பெண் டாக்டர்கள் எங்கே குறைகிறார்கள்? மலையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் மயக்க மருந்து மருத்துவர். நீலகிரியில் அரசுப் பணியிலேயே காலத்தைக் கழித்துவிட்டு இப்போது கோத்தகிரிப் பக்கம் ஓய்வில் இருக்கிறேன். ஓய்வு என்று பேர்தான். பள்ளிக்கூடத்தில் வழிகாட்டி நிகழ்ச்சி என்று கூப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் மகளின் நீட் மார்க்கில் பேச்சை ஆரம்பிக்கிறார். மேட்டுப்பாளையம் பேருந்தில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் ஒருவராவது கேட்டுவிடுகிறார். ஏறக்குறைய அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

“இப்ப மெடிக்கல் காலேஜ்ல பொண்ணுங்கதானே நிறைய? அப்புறம் என்னம்மா குறை?”

நுழைகிற இடத்தில் குறை இல்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2021-22 இல் 150 இடங்களோடு தொடங்கியது. காலையில் அந்தப் பக்கம் போனால் வெள்ளைக் கோட்டுக் கூட்டத்தில் பெண் பிள்ளைகளைத் தேட வேண்டியதில்லை. நாடு முழுக்கவே எம்.பி.பி.எஸ். வகுப்பில் பாதிக்குப் பாதி என்ற நிலை வந்து சில காலம் ஆகிறது.

சரி, அப்படியே ஏதாவது ஒரு பழைய அரசு மருத்துவமனைக்குப் போய் கண்காணிப்பாளர் அறைக்குள் எட்டிப் பாருங்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பலகை தொங்கும். இதுவரை பொறுப்பில் இருந்தவர்களின் பெயரும் வருடமும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அது வெள்ளைக்காரப் பெயர்களில் ஆரம்பித்து, இடம் போதாமல் இரண்டாவது பலகைக்குப் போயிருந்தது. அதில் பெண் பெயர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னதும் கிட்டத்தட்ட அந்தப் பலகையின் கதைதான்: உலகெங்கும் சுகாதாரப் பணியில் இருப்பவர்களில் 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் 25 சதவீதம். அந்த 70 இல் நர்ஸ்களும் அடக்கம், டாக்டர் கணக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“அந்தக் காலத்துல லேடி டாக்டரே கிடையாதுல்ல?”

இருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவர் மேரி ஷார்லீப். இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் அதே கல்லூரியில் பட்டம் வாங்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களைச் சேர்த்தது 1947 இல்தான். அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் நம்மைப் போல மலைவாசி. 1960 இல் கொடைக்கானல் வீட்டில்தான் காலமானார்.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. தலைமையில் இருந்த பெண்கள் பெரும்பாலும் தாங்களே கட்டிய இடத்தில்தான் தலைமையில் இருந்தார்கள். வேலூரும் அப்படி, முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படி. அங்கே 1955 இல் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 இல் இறக்கும்வரை அந்த மருத்துவமனையை விட்டுப் போகவில்லை. ஏற்கெனவே இன்னொருவர் போட்டு வைத்த நாற்காலி என்றால் காத்திருப்பு நீளம்.

“அப்ப நடுவுல எங்கதான் குறையுது?”

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், விளங்கிவிடும். பதினெட்டு வயதில் சேர்ந்தால் நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். இருபத்து மூன்றரை. பிஜி, அதாவது முதுநிலைப் படிப்பு, அதன் நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடம் உட்கார்ந்து படித்தால் இருபத்தைந்து. மூன்று வருடம் பிஜி, இருபத்தெட்டு. கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமென்றால் ஒரு வருடம் சீனியர் ரெசிடென்ட். அப்புறம் உதவிப் பேராசிரியராக நான்கு வருடம், இணைப் பேராசிரியராக மூன்று வருடம், இடையில் ஆய்வுக் கட்டுரைகள். ஒரு நாள்கூடத் தடங்கல் இல்லாமல் ஓடினால் முப்பத்தாறில் பேராசிரியர்.

இப்போது இன்னொரு பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். கல்யாணம், முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை, மாமியாருக்கு முட்டி வலி, குழந்தைக்குப் பள்ளிக்கூட அட்மிஷன். இதெல்லாமும் இருபத்தாறுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவில்தான் வருகின்றன. ஆணுக்கும் இதே வயதில்தான் குழந்தை பிறக்கிறது. ஆனால் அவன் டியூட்டி சார்ட்டில் அது தெரிவதில்லை.

வேலையை விட்டுவிடுகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் வளைந்து கொடுக்கிறார்கள். சூப்பர் ஸ்பெஷாலிட்டி வேண்டாம், காலை ஓபி மட்டும் போதும், இரத்த வங்கி போதும், வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அவள் டாக்டராகத்தான் இருக்கிறாள், தலைமைக்குப் போகும் வரிசையில் மட்டும் இல்லை. புள்ளிவிவரத்தில் பாதிக்குப் பாதி என்றே வரும்.

“என் மக ஆர்த்தோ எடுக்கணுங்கறா. பொம்பளப் புள்ளைக்கு அது சரிப்படுமா? ஓஜி, குழந்தை வைத்தியம்னா பரவால்ல.”

ஆர்த்தோ என்றால் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை, ஓஜி என்றால் பிரசவமும் பெண்கள் மருத்துவமும். தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நின்று இரண்டு பாலாரையும் வருடக்கணக்காகப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு மழைக்கால இரவு, இடுப்பு மூட்டு நழுவிய லாரி டிரைவர் ஒருவரைக் கொண்டு வந்தார்கள். எண்பது கிலோ தேறும். ஆர்த்தோவுக்கு இருந்தது ஒல்லியான ஒரு பெண். என்னைப் பார்த்து “மேடம், ரிலாக்ஸேஷன் போதுமா?” என்றாள். தலையாட்டினேன். ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு மேசைமேலேயே ஏறி நின்றாள். வார்டு பாய் இடுப்பு எலும்பை அழுத்திப் பிடிக்க, டிரைவரின் முழங்காலை மடக்கி, தூக்கி, மெல்லத் திருப்பினாள். டொக்கென்று சத்தம். கையுறையைக் கழற்றிக்கொண்டே எக்ஸ்ரேவுக்கு எழுதப் போய்விட்டாள். தசையைத் தளர்த்தும் மருந்தை நான் கொடுத்த பிறகு பலத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை, கோணத்துக்குத்தான் வேலை.

உண்மையான இடைஞ்சல்கள் சில்லறையானவை. ஆறு, ஆறரை சைஸ் கையுறையை இண்டென்ட் போட மறந்துவிடுவார்கள். எக்ஸ்ரே தியேட்டரில் போடும் ஈயக் கவசம் எல்லாருக்கும் ஒரே அளவு, அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். மேசை உயரத்தை சீனியரின் உயரத்துக்கு வைப்பார்கள். இவையெல்லாம் ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போட்டால் தீரக்கூடியவை.

திறமையைப் பற்றிய சந்தேகம் என்றால் ஒரு தகவல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் 2019 வரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 13 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்டார்கள். பெண் சர்ஜன் செய்த பெண் நோயாளிகளைவிட, ஆண் சர்ஜன் செய்த பெண் நோயாளிகளுக்குப் பிறகு வந்த சிக்கல்கள் சற்றே அதிகம். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. “பெண் கையில் கத்தியா” என்று பயப்படுகிறவர்கள் மட்டும் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

“பிஜி படிக்கறப்ப குழந்தை பொறந்தா சீட் போயிடுமா?”

போகாது. 2023 இன் முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள் மகப்பேறு விடுப்பை அரசு விதிப்படி அனுமதிக்கின்றன. வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு தனி. ஆனால் அனுமதித்த அளவைத் தாண்டி எத்தனை நாள் போகிறதோ அத்தனை நாள் படிப்பு நீளும், 80 சதவீத வருகையும் வேண்டும். அதாவது உங்கள் வகுப்போடு பரீட்சை எழுத முடியாமல் போகலாம். முன்னே போட்ட வயதுக் கணக்கில் ஒரு படி சறுக்குவது இங்கேதான்.

நீளும் மாதங்களுக்கு உதவித்தொகை உண்டா என்பதை விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியில் “பாத்துக்கலாம்மா” என்றால் நம்பாதீர்கள்.

“லீவு பன்னிரண்டு மாசமா, இருபத்தாறு வாரமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

ரெண்டும் சரி, இடம்தான் வேறு. தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தால் 12 மாதம். 2011 இல் ஆறு மாதம், 2016 இல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு. தனியார் மருத்துவமனை என்றால் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த 26 வாரம், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். நம் மலையில் பாதி நர்சிங் ஹோம்களில் ஐம்பது பேர் எங்கே இருக்கிறார்கள்? அதனால் அந்த விதி பெரிய ஊர்க்காரர்களுக்கு.

அரசு ஊழியருக்கான இரண்டு குழந்தை வரம்பு பற்றியும் சிலர் கேட்பார்கள். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் பெற்று, மறுமணத்துக்குப் பிறகு மூன்றாவது குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

“லேடி டாக்டருக்கு நைட் டியூட்டியே போடாம விட்டா பிரச்சனை தீந்துச்சே?”

நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள், தெரியும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு மேற்கு வங்க அரசே முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி வேண்டாம் என்று குறிப்பு அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பெண்கள் சலுகை கேட்கவில்லை, பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை என்றது. அதோடு எமர்ஜென்சியெல்லாம் இரவில்தான் வருகிறது. இரவு பார்க்காத டாக்டருக்குக் கை பழகாது. கை பழகாதவரை மேலே ஏற்ற மாட்டார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்திய மருத்துவச் சங்கம் 3,885 டாக்டர்களிடம் கருத்துக் கேட்டது. சுமார் 45 சதவீதம் பேர் இரவில் தங்களுக்கு டியூட்டி ரூம் இல்லை என்றார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் சேர்ந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கென்று இருந்தது ஒரே அறை, மூன்று கட்டில், ஒரு ஹீட்டர். ஆண்கள் அங்கே படுப்பார்கள். ஜனவரி உறைபனியில் நான் ரெக்கவரி ரூமில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நோயாளிக்கு வைத்திருந்த சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்களுக்கு ஓர் அறையும் அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வர ஏழு வருடம் ஆனது. அறை வந்தது, தாழ்ப்பாளுக்கு மட்டும் தனியாக எழுதிப் போட வேண்டியிருந்தது.

மலையில் இன்னொன்றும் உண்டு. குவார்ட்டர்ஸிலிருந்து கேசுவாலிட்டிக்கு இருநூறு அடிதான், ஆனால் கோத்தகிரியில் நடுவில் கரடி நிற்கும், கூடலூர், பந்தலூரில் யானை நிற்கும். இதில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. கால் டியூட்டிக்கு ஒரு வண்டியும் நல்ல விளக்கும் கொடுத்தால் இருவருக்குமே ஆகும்.

“மலைக்கு போஸ்டிங் போட்டா லேடீஸ் வர்றதே இல்லயாமே?”

வருகிறார்கள், தங்குவதில்லை. தங்காததில் ஆண்களும் சமமாகப் பங்கு வகிக்கிறார்கள். வருவதற்கு ஒரு காரணம் பிஜி. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்கு. அப்படி ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடினமான பகுதிகளில் வேலை பார்த்தால் வருடத்துக்கு 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் என்ற ஏற்பாடும் அதோடு சேர்ந்தது. மலை அதில் வரும். சீட் கிடைத்ததும் கோயம்புத்தூர், மதுரை என்று இறங்கிவிடுகிறார்கள்.

திரும்பி ஏறாததற்குக் காரணம் கேட்டால் குளிர் என்பார்கள். கொஞ்சம் கிண்டினால் கணவருக்கு இங்கே வேலை இல்லை, குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று வரும். டிரான்ஸ்பர் கவுன்சலிங்கில் கணவன், மனைவி ஒரே மாவட்டம் என்று கேட்டால் மாவட்டம் கிடைக்கும். அதில் ஒருவர் ஊட்டி, ஒருவர் பந்தலூர் என்று விழுந்தால் நடுவில் மலையும் காடும்.

நோயாளிகளின் பக்கமும் சொல்ல வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் பெண்களில் பலர் ஆண் டாக்டர் என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். கூடலூரில் ஆதிவாசிகளுக்காக 1990 இல் ஆரம்பித்த மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்தார்கள். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

“பொண்ணு படிச்சிட்டு வீட்ல உக்காந்துட்டா கவர்மென்ட் சீட் வேஸ்ட்தானே? ஒரு பையனுக்குக் கொடுத்திருக்கலாமே?”

இதையே நினைத்து ஜப்பானில் செய்தும் பார்த்துவிட்டார்கள். டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணை வருடக்கணக்காக ரகசியமாகக் குறைத்து வந்தது 2018 இல் அம்பலமானது. பெண்கள் குழந்தை பெற்றதும் விலகிவிடுவார்கள் என்பதுதான் உள்ளே சொல்லப்பட்ட காரணம். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

நம் ஊரில் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு லண்டனுக்கும் துபாய்க்கும் போன பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் மாலை போடுகிறோம். சீட் வீணாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மூன்று வருடம் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓபியில் உட்கார்ந்து முப்பது வருடம் வேலை செய்கிறவளைத்தான் சொல்கிறோம்.

“பொம்பளைங்க அதிகமானா அந்தத் தொழிலுக்கே மதிப்பு குறைஞ்சிடும்னு ஒரு டாக்டரே சொன்னாரே?”

அவர் மனதில் சோவியத் ரஷ்யா இருந்திருக்கலாம். அங்கே டாக்டர்களில் பெரும்பான்மை பெண்கள், சம்பளம் ஆலைத் தொழிலாளியைவிடக் குறைவு. எது முதலில் வந்தது என்பதில்தான் வழக்கு. சம்பளம் குறைவான வேலைக்குப் பெண்களை அனுப்பிவிட்டு, பெண்கள் வந்ததால் குறைந்தது என்பது எனக்கு ஒப்பவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2022 இல் பார்த்தபோது சுகாதாரத் துறையில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக 24 சதவீதம் குறைவாக வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. அரசுப் பணியில் ஒரே பதவிக்கு ஒரே சம்பளம்தான். பதவி ஏறாமல் போவதில் விழுகிறது அந்த வித்தியாசம். தனியாரில் பேரம், அங்கே கதை வேறு.

“ஓஜில ஆம்பள டாக்டரே இல்ல, நர்ஸும் பூரா பொம்பளைங்க. இதுவும் சமம் இல்லயே?”

இல்லைதான். பிரசவ வார்டில் பையன்களை வெளியே நிற்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆர்த்தோவுக்குச் சொன்ன பதிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

“சீனியர் தொந்தரவு கொடுத்தா யார்கிட்ட போறது? படிப்பே போயிடுமேன்னு பயமா இருக்கு.”

இதை ஒரு பெண் என்னிடம் கழிப்பறை வாசலில் வைத்துக் கேட்டாள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 இன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்த கிளினிக் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. விசாரணை நடக்கும்போது அந்த ஆள் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும் கேட்கலாம், பரீட்சை பயத்துக்கு அது முக்கியம். தேதி, நேரம், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

நோயாளியோடு வந்தவர்கள் கை நீட்டினால் அது வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் 2008 இலேயே தனிச் சட்டம் இருக்கிறது, நேராகக் காவல் நிலையம்.

“நீங்க ஏன் மேடம் பெரிய டாக்டர் ஆகல?”

கோத்தகிரியில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுந்து நின்று கேட்டாள். டீச்சர் பதறிப்போய் அவளை உட்காரச் சொன்னார். நான் வேண்டாம், நல்ல கேள்விதான் என்றேன்.

எனக்கு இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. இரண்டு முறையும் சமவெளிக்குப் போக வேண்டும். முதல் முறை மாமியார் படுக்கையில் இருந்தார். இரண்டாவது முறை மகள் பத்தாம் வகுப்பு. வேண்டாம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு நான்கு வருடம் இளையவர் போனார், திரும்பி மலைக்கே கண்காணிப்பாளராக வந்தார். நல்ல மனிதர்தான். என் விடுப்பு விண்ணப்பங்களில் அவர் கையெழுத்துப் போட்டார். பலகையில் அவர் பெயர் இருக்கிறது.

அந்தப் பெண் உட்காரவில்லை. “உங்க வீட்டுக்காரர் லீவு போட்டிருக்கலாமே மேடம்” என்றாள். அவர் அப்போது வங்கியில் இருந்தார், லீவும் நிறைய இருந்தது. எங்கள் வீட்டில் அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “யார் வீட்டுப் பொண்ணு அது?” என்று கேட்டார்.